கிழக்குக்கு ஒராள்

தன் பெயர் ஆணைக்குழுவில் இருப்பது தேனுகாவுக்கு வட்ஸ்அப் பார்த்துத்தான் தெரியவந்தது. இலங்கை அரசியலமைப்பைத் திருத்துவதற்கு யோசனைகள் தயாரிக்கவென்று ரொறன்ரோத் தமிழர் சிலர் ஏழு பேர் கொண்ட ஆணைக்குழு அமைத்திருந்தார்கள். ஆறு பேர் யாழ்ப்பாணத்தார். ஏழாவதாக, 'திருமதி தேனுகா, மட்டக்களப்பு.'

களுவாஞ்சிக்குடிக்காரி அவள். மிசிசாகாவில் ஒரு சட்டத்தரணியின் ஒஃபிசில் வேலை. தலைவர் ஸ்ரீஸ்கந்தராசாவை ஒரே ஒரு கருத்தரங்கில் சந்தித்து நம்பர் கொடுத்திருந்தாள், அவ்வளவுதான். உடனே அவருக்கு ஃபோன் எடுத்தாள்.

"அண்ணை, என்னட்ட ஒரு வார்த்தை கேக்கேல்லையே?"

"கேட்டா ஓமெண்டுதானே சொல்லியிருப்பீங்கள், தங்கச்சி. கிழக்குக்கு ஒராள் வேணும்."

"பேரை எடுத்துவிடுங்கோ."

"எடுக்கலாம்." அவர் குரல் கனிவாகவே இருந்தது. "ஆனா கிழக்கு விலகிப்போச்சு எண்டு எழுதுவாங்கள். அந்தப் பழி உங்களுக்கு வரக்கூடாதெண்டுதான் பாக்கிறன்."

மறுநாள் காலை ஊரிலிருந்து அண்ணன் ஜெயந்தன் எடுத்தான். அவன் அங்கே பாடசாலை அதிபர்.

"உன்ர பேர் பேப்பரில வந்திருக்கு புள்ள. வடக்கும் கிழக்கும் ஒரே மாகாணமாகணும் எண்டு ஆணைக்குழுவோட சேந்து நீயும் கேட்டயாம். இஞ்ச முஸ்லிம் சனத்துக்கு அது விருப்பமில்ல எண்டு உனக்குத் தெரியும்தானே. என்னோட படிப்பிக்கிற முஸ்லிம் சேர்மார் இண்டைக்கு என்ர முகத்தைப் பாக்கல்ல."

"நான் ஒண்டும் கேக்கல்ல அண்ணா."

"அப்ப விலகிரு."

"விலகினா, எதிர்த்துப்போட்டாள் எண்டு எழுதுவாங்க."

"எப்பிடி எழுதினாலும் இஞ்ச நாங்கதான் பதில் சொல்லணும்" என்றான்.

தேனுகா ஆணைக்குழுவின் விதிகளை எடுத்து வாசித்தாள். ஏழு பேரும் கையெழுத்திடாமல் அறிக்கை வெளிவராது என்று ஒரு விதி இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு, சனிக்கிழமை ஸ்காபரோ நூலக அறையில் நடந்த முதல் கூட்டத்துக்குப் போனாள்.

"ஒரு வசனம் சேர்க்க வேணும்" என்றாள். "கிழக்கு எப்பிடி இருக்கவேணுமெண்டதை அங்க இருக்கிற எல்லாச் சனமும் வாக்குப்போட்டு முடிவெடுக்கட்டும். அது இல்லாட்டி நான் சைன் வைக்கமாட்டன்."

யாரும் கோபப்படவில்லை. ஸ்ரீஸ்கந்தராசா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, விதியில் ஏழு பேர் என்பதைப் பெரும்பான்மை என்று மாற்றுவோம் என்றார். ஆறு கைகள் உயர்ந்தன. மூன்று நிமிடம்கூட ஆகவில்லை.

"இனி நீங்கள் சைன் வைக்காட்டியும் பிரச்சினையில்லை, தங்கச்சி. பேர் மட்டும் இருக்கட்டும்."

அவள் அந்த இடத்திலேயே விலகல் கடிதம் எழுதி நீட்டினாள். அவர் வாங்கி, மடித்து, சேட் பொக்கற்றுக்குள் வைத்தார். "அவசரப்படாதேங்கோ. யோசிச்சுச் செய்வம்."

அதற்குமேல் அவள் அங்கே இருக்கவில்லை. செவ்வாய்க்கிழமை அண்ணன் பேப்பரைப் படமெடுத்து அனுப்பியிருந்தான். 'ஆணைக்குழு ஏகமனதாகப் பணியைத் தொடங்கியது.' கீழே கருத்தரங்கில் எடுத்த பழைய படம். அதில் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

பேப்பர்க்காரருக்கே மறுப்பு எழுதினாள்: நான் விலகிவிட்டேன், அந்தக் கோரிக்கை என்னுடையதல்ல. பதில் இரண்டு மணித்தியாலத்தில் வந்தது, மிக மரியாதையாக. அவளுடைய மறுப்பைக் கட்டாயம் பிரசுரிப்பார்களாம். அவள் விலகியதை ஆணைக்குழுத் தலைவர் எழுத்தில் உறுதிப்படுத்தினால் போதுமாம்.