காவல்காரனுக்குள் ஒளிந்த காய்ச்சல்

1

இந்தக் கதை அக்காவின் விரல்களிலிருந்து வந்தது. கல்லூரிக் காலத்தில் கொசு கடித்து அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனது. மூட்டுவலி போகவில்லை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘வைரஸ் என்பது உயிருக்கும் உயிரற்றதற்கும்—’ வேண்டாம், பாடப்புத்தகம்.

அடுத்து: ‘அம்மா ஒரு கல்நெஞ்சு—’ இது பொய். காலையில் அக்காவின் விரல்கள் மடங்காது. அம்மாதான் அவளுக்குத் தலைவாரி, பொத்தான் போட்டுவிடுவாள். போட்டுக்கொண்டே, "காய்ச்சல் எப்பவோ போயிடுச்சு. எல்லாம் நெனப்புதான்டி" என்பாள். மருத்துவரும் கிட்டத்தட்ட அதையேதான் சொல்லியிருந்தார். ரத்தத்தில் வைரஸ் இல்லையாம். இல்லாதது எப்படி வலிக்கும்?

2

அக்கா கோபக்காரி. அந்த வைரஸை ஆராய்கிற ஆய்வகத்திலேயே போய்ச் சேர்ந்தாள். [இங்கே அவளை வீராங்கனை ஆக்கியிருந்தேன். படித்துவிட்டு, "வேற வேலை கெடைக்கலடா, அதான் சேந்தேன்" என்றாள்.]

அவளோடு வேலை செய்தவரை வீட்டில் ‘தாடி’ என்றுதான் சொல்வாள். பெயருக்கேற்ற தாடி. அவளால் பிடிக்க முடியாத சோதனைக் குழாய்களை எல்லாம் அவர் பிடித்தார். அவள் சொன்னதை மட்டும் நம்பவில்லை.

உடம்பில் காவல் செல்கள் உண்டு. கிருமியைக் கண்டால் விழுங்கிச் செரித்துவிடும். இந்த வைரஸ் அந்தக் காவல் செல்லுக்குள்ளேயே புகுந்து மூட்டில் தங்கிவிடுகிறது, அதற்குத் துணைபோவது வைரஸின் ஒரே ஒரு புரதம் என்பது அக்காவின் கட்சி.

"போலீஸ்காரன் வீட்லயே திருடன் குடியிருக்கான்னு சொல்றீங்க?" தாடி சிரித்தார்.

"வாடகை கூடக் குடுக்காம."

3

அந்தப் புரதம் வேலை செய்யாதபடி வைரஸை மாற்றிச் சில எலிகளுக்குக் கொடுத்தார்கள். மாற்றாததை மற்ற எலிகளுக்கு. எல்லாவற்றுக்கும் பாதம் வீங்கியது. வாரங்கள் போயின. முதல் கூட்டத்துக்கு வீக்கம் வடிந்தது. காவல் செல்களில் வைரஸைக் காணோம். மற்ற எலிகளில் அது சட்டமாக உட்கார்ந்திருந்தது.

(எலிக்கு நடந்தது மனிதருக்கும் நடக்கும் என்று இது நிரூபித்துவிடவில்லை. மருந்தும் வந்துவிடவில்லை. இதைச் சேர்க்கச் சொன்னது அக்கா.)

"நீங்க சொன்னது சரிங்க" என்றார் தாடி. அவ்வளவுதான். அக்கா கழிப்பறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தாள்.

பிறகு ஒருநாள் அம்மாவை அழைத்துப்போனோம். அந்த அறை இன்னும் கண்ணிலேயே நிற்கிறது: ஸ்பிரிட் வாசனை, உறுமிக்கொண்டிருந்த குளிர்பெட்டி, திரைபோட்ட ஜன்னல், நுண்ணோக்கி. கண்ணாடித் துண்டில் இருந்தது எலியின் மூட்டிலிருந்து எடுத்த, ஆபத்தில்லாத, உயிர்போன சாம்பிள். அக்கா விளக்கை அணைத்தாள். அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்தாள்.

"பச்சையா மினுங்குதே, அதா?"

"ஆமாம்மா. உருண்டையா இருக்கறது காவல் செல். பச்சைதான் வைரஸ், கண்ணுக்குத் தெரியச் சாயம் ஏத்தியிருக்கோம்."

"உனக்குள்ளயும் இருக்குமா?"

"இருக்கலாம்மா. தெரியல."

அம்மா நெடுநேரம் நிமிரவே இல்லை.

4

அம்மா மன்னிப்பு கேட்டாள் என்று ஒரு முடிவு எழுதினேன். "எங்கடா கேட்டாங்க?" என்று அக்கா அந்த வரியைக் கோடு போட்டு அடித்துவிட்டாள். புது மருந்தில் விரல்கள் மடங்கின என்று இன்னொன்று. அதையும் அடித்தாள்.

நடந்தது இதுதான். அம்மா நிமிர்ந்தாள். இருட்டில் துழாவி அக்காவின் கையை எடுத்து, விரல் விரலாகத் தொட்டுப் பார்த்தாள்.

"இப்ப வலிக்குதாடி?"

அத்தனை வருஷத்தில் அவள் அதைக் கேள்வியாகக் கேட்டது அன்றுதான்.

அம்மா இப்போது இல்லை. அக்கா சொன்ன பதில் எனக்குத் தெரியும். எழுதக் கூடாதென்று சொல்லிவிட்டாள். உங்கள் கையை யாராவது அப்படிப் பிடித்துக்கொண்டு கேட்டால் நீங்கள் என்ன சொல்வீர்களோ, அதுவே இருக்கட்டும்.