ஏழாம் துளைக் கற்கள்

விஜயகுமாரி அன்றைக்குச் சொன்னது ஒரே ஒரு வார்த்தைதான். பரணிதரன் அதைக் காதால் கேட்டான், ஆங்கிலத்தில் மாற்றி கம்பெனி டைரக்டரிடம் சொன்னான். அந்த மொழிபெயர்ப்பில் அவளுடைய வேலை போயிற்று.

ஒடுகத்தூருக்கு மேலே, காடு தொடங்கும் இடத்தில், பாறைக்குள் கொஞ்சம் துத்தநாகமும் ஈயமும் இருக்கின்றன. கொஞ்சம் என்றால் கொஞ்சம்தான். ஒரு மெல்லிய பட்டை சாய்ந்து பூமிக்குள் இறங்குகிறது. ஆழம் போகப் போக அது தடிக்கிறதா, தேய்கிறதா என்று பார்க்கத்தான் ஒரு கம்பெனி இரண்டு வருட அனுமதி வாங்கி, பரணிதரனைப் புவியியலாளனாக அனுப்பியிருந்தது. திமிரி ஊர்க்காரன், முப்பத்து நான்கு வயது, கல்லைப் பற்றி நன்றாகப் படித்தவன். மனிதர்களைப் பற்றி அவ்வளவு படித்தவன் என்று சொல்ல மாட்டேன்.

துளைபோடும் எந்திரம் பாறையை நீளமான தண்டுகளாக அறுத்து மேலே தள்ளும். அவற்றை வந்த வரிசையிலேயே தடுப்புப் பெட்டிகளில் அடுக்க வேண்டும். மூன்று மீட்டருக்கு ஒரு மரக்கட்டை வைத்து அதில் ஆழத்தை எழுதுவார்கள். வரிசைதான் எல்லாம். எத்தனையாவது மீட்டரில் வந்தது என்று தெரியாத கல்லும் ரோட்டில் கொட்டுகிற ஜல்லியும் ஒன்று.

பெட்டிகளை வைக்க தனகோடி என்பவரின் மல்லாட்டைக் கிடங்கை, அதாவது வேர்க்கடலைக் கிடங்கை, வாடகைக்கு எடுத்தார்கள். கல்லைக் கழுவி அடுக்க வந்தவள்தான் விஜயகுமாரி. ஆம்பூர்த் தோல் கம்பெனி ஒன்றில் பதினான்கு வருடம் செலக்ஷன் பிரிவில் இருந்தவள். தோலை மேஜைமேல் விரித்து, கண்ணால் அளந்து, முதல் தரம், இரண்டாம் தரம், ரிஜெக்ட் என்று பிரிக்கிற வேலை. மருந்து பட்டு விரல்களெல்லாம் வெடித்துப்போய், விட்டுவிட்டு வந்திருந்தாள். கிடங்கில் மூன்றாவது மாதம் கையை விரித்துக் காட்டினாள். "பாருங்க சார், ஆறிப்போச்சு. இங்க தண்ணிதான், மருந்து கெடையாது. எத்தினி வருசம் ஆனாலும் நான் இங்கியே இருந்துடுவேன்."

அவளிடம் அவனுக்கு மரியாதை உண்டு. அக்கா என்றுதான் கூப்பிடுவான். ஒருமுறை பழுப்புக் கல்லைச் சுரண்டி அந்தப் பொடியில் அமிலம் விட்டபோது, தூர நின்றவள் மூக்கைப் பொத்தினாள். "இன்னா சார், எங்க கம்பெனி சுண்ணாம்புக் குழி நாத்தம் அடிக்குது!" அழுகின முட்டை வாசனை வந்தால் துத்தநாகம் என்று அவன் கல்லூரியில் மனப்பாடம் செய்ததை அவள் மூக்கு ஒரு நொடியில் சொல்லிவிட்டது. இன்னொரு நாள் அவன் கல்லின்மேல் பேனாவால் அம்புக்குறி போட்டபோது சிரித்தாள். "மூஞ்சி மேலயே எழுதுறீங்களே சார்! எங்ககிட்ட மேல்பக்கம் பேனா பட்டா தோலே வீணு."

ஆறு துளைகளில் பட்டை ஒன்றரை மீட்டரைத் தாண்டவில்லை. ஏழாவதுதான் ஆழமானது, கடைசியும் அதுதான். அந்தக் கற்கள் மேலே வந்த மூன்று நாளும் பரணிதரன் காட்பாடியில் மச்சான் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் பந்தி விசாரித்துக்கொண்டிருந்தான். அன்றன்றைக்கே குறி போட்டு, படம் எடுத்து, பதிவெழுத வேண்டும் என்பது விதி. வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டான். மூன்றாம் நாள் பெங்களூரிலிருந்து போன் வந்தது, நாளை மதியம் டைரக்டர் வருகிறார் என்று.

சாப்பாட்டுப் பந்தலின் சத்தத்துக்கு நடுவே அவன் விஜயகுமாரிக்குப் போன் போட்டான்.

"அக்கா, டைரக்டர் நாளைக்கு வர்றாரு. ஏழாம் போர் கல்லெல்லாம் கழுவி, செலக்ஷன் பண்ணி ரெடியா வைங்க."

ஏழாம் துளைப் பெட்டிகளை மட்டும் தனியே எடுத்து வையுங்கள் என்பதற்கு அவன் வாயில் வந்த வார்த்தை அது. ஆம்பூர்ப் பக்கத்தில் யாரிடம் எதைச் சொல்கிறோம் என்ற யோசனை வேண்டாமா?

மறுநாள் டைரக்டரும் அவனும் சேர்ந்தே கிடங்குக்குள் நுழைந்தார்கள். கற்கள் பளிச்சென்று கழுவப்பட்டிருந்தன. மினுங்குகிற ஈயக்கல், பழுப்புத் துத்தநாகக் கல் எல்லாம் முதல் இரண்டு பெட்டிகளில். லேசாகப் பொட்டு வைத்தவை அடுத்த ஆறில். மீதி வெறும் பாறை சுவரோரம். பெட்டிகளின்மேல் சாக்பீஸால் 1, 2, ரிஜெக்ட். ஆழம் எழுதிய மரக்கட்டைகள் மூலையில் கோபுரமாக அடுக்கியிருந்தன. பக்கத்தில் விஜயகுமாரி, விடியற்காலையிலிருந்து வேலை செய்த களைப்போடும் பெருமையோடும் நின்றாள்.

டைரக்டருக்குத் தமிழ் தெரியாது. "பதிவு எங்கே?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

 நான் எழுதவில்லை என்று பரணிதரன் சொல்லியிருக்கலாம். செலக்ஷன் என்று சொன்னது நான்தான் என்றும் சொல்லியிருக்கலாம். "நான் எழுதுவதற்குள் இந்தம்மா தெரியாமல் கலைத்துவிட்டாள்" என்றுதான் சொன்னான். பிறகு அவள் பக்கம் திரும்பி, "வரிசையெல்லாம் போச்சேம்மா" என்றான். அக்கா அன்றைக்கு அம்மா ஆனாள்.

அவள் பதறிப்போனாள். "போவாது சார்! எல்லாம் அடியில எழுதியிருக்கேன் சார்!"

"என்ன சொல்கிறாள்?" என்றார் டைரக்டர்.

தண்ணீருக்கு ஆயிரம் அடி போர் போடுகிற ஊர் இது. ஆழம் என்றாலே எல்லோருக்கும் அடிக்கணக்குதான். பரணிதரன் சொன்னான்: "மீட்டரில் இல்லை, அடிக்கணக்கில் எழுதியிருக்கிறாளாம். குத்துமதிப்பாக."

டைரக்டர் கசப்பாகச் சிரித்து, நாளையிலிருந்து அவள் வர வேண்டாம் என்றார். அதையும் இவன்தான் தமிழில் சொன்னான். அவள் மறுபடி "இல்ல சார், அடியில..." என்று தொடங்கினாள். "போதும்மா, போய்ட்டு வாங்க" என்றான். அவள் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு போனாள்.

இரண்டு நாள் உட்கார்ந்தால் உடைந்த முனைகளைப் பொருத்திப் பார்த்தே ஓரளவு வரிசையைக் கண்டுபிடித்திருக்கலாம். அது அவனுக்குத் தெரியும். ஆனால் அந்தப் பேச்சை எடுத்தால், அந்த மூன்று நாள் நீ எங்கே இருந்தாய் என்ற கேள்வியும் கூடவே வரும். ஒரு கல்லைக்கூடத் தொடாமல் அன்று மாலையே மூடிகளை ஆணியடித்தான். மினுங்குகிற கல் இரண்டு பெட்டி இருந்தாலும், அது ஒரே பட்டையா, பல ஆழங்களில் சிதறிய துணுக்குகளா என்று வரிசையில்லாமல் சொல்ல முடியாது; ஏழாம் துளை இல்லாமலே அறிக்கை போயிற்று. பட்டை சிறியது, லாபமில்லை என்று கம்பெனி அனுமதியைத் திருப்பிக் கொடுத்தது. அவன் ஒரு கிரானைட் குவாரியில் சேர்ந்தான்.

இரண்டு வருடம் கழித்து, போன வாரம் தனகோடி போன் போட்டார். "சார், இந்தக் கல்ல எடுத்துக்கிறீங்களா, களத்துல கொட்டி மேடு பண்ணிக்கட்டா? மல்லாட்டை மூட்டை போட எடமில்லாம ஒரே பேஜாரா கீது."

அவன் போய்ப் பார்த்தபோது மூடிகளைக் கரையான் அரித்திருந்தது. ஒரு பெட்டியைத் தூக்கினான், அடிப்பலகை விட்டுப்போய் கற்கள் தரையில் உருண்டன. ஒன்று மல்லாந்து கிடந்தது. அதன் கீழ்ப்பக்கத்தில் சின்ன எழுத்தில்: பெ 14, வ 2, கல் 5. பதினான்காம் பெட்டி, இரண்டாம் வரிசை, ஐந்தாவது கல். பக்கத்தில் ஓர் அம்புக்குறி.

அடுத்த கல்லைத் திருப்பினான். பெ 14, வ 3, கல் 1. மூலையிலிருந்த மரக்கட்டைகளைத் திருப்பினான். அவற்றின் அடியிலும் அப்படியே.

அடியில்.

தோலின் சதைப் பக்கத்தில் குறி போடுவதுபோல ஒவ்வொரு கல்லையும் திருப்பி எழுதிவிட்டுத்தான் அவள் தரம் பிரித்திருக்கிறாள். மூஞ்சியில் எழுதக் கூடாது என்று அவனிடமே சொல்லியிருந்தாளே! அன்றைக்கு ஒரே ஒரு கல்லைத் திருப்பியிருந்தால் போதும். நிஜமாகவே தப்பாகக் காதில் விழுந்ததா, அப்படி விழுந்தால் தனக்கு நல்லது என்று விழுந்ததா? அவனுக்கே தெரியவில்லை.

மாலைக்குள் ஏழாம் துளை முழுவதும் களத்தில் வரிசையாகக் கிடந்தது. பட்டை நூற்றுப் பதினாறாவது மீட்டரில் தொடங்கி நூற்று இருபத்திரண்டில் முடிந்தது. ஆறு மீட்டர். தடித்துக்கொண்டுதான் போயிருக்கிறது. அவன் கற்களுக்கு நடுவே உட்கார்ந்து அழுதான். துத்தநாகத்துக்காக அல்ல.

மறுநாள் ஆம்பூரில், ஷிப்ட் முடிகிற நேரம், தோல் கம்பெனி வாசலில் காத்திருந்தான். விஜயகுமாரி பழைய வேலைக்கே திரும்பியிருந்தாள் என்று தனகோடி சொல்லியிருந்தார். கம்பெனி பஸ் பக்கம் வந்தவள் அவனைப் பார்த்து நின்றாள். விரல்களில் துணி சுற்றியிருந்தது.

"அக்கா, கல்லுக்கு அடியில எழுதியிருந்தீங்களே. நேத்துதான் பாத்தேன்."

அவள் முகத்தில் பயம் வந்தது. "எதனா நம்பரு மாறிப்போச்சா சார்? நான் எங்கியோ தப்பா எழுதிட்டேன், அதான் உங்களுக்கு அவ்ளோ கஷ்டம்னு இத்தினி நாளா நெனச்சிட்டே கீறேன். தூக்கமே வராது சார் சில நாளு."

"ஒண்ணுகூட மாறலக்கா."

"நெஜமாவா?"

"ஒண்ணுகூட."

அவள் முகம் அப்படியே மலர்ந்தது. பஸ் படியேறிக்கொண்டிருந்த தோழியைக் கூப்பிட்டாள். "சுகரா, கேட்டியா! ஒண்ணுகூட மாறலியாம்! சார் இம்மாந்தூரம் வந்து சொல்றாரு பாரு!"

தப்பெல்லாம் என்னுடையது என்று சொல்லத்தான் அவன் வந்திருந்தான். வழியெல்லாம் சொல்லிப் பார்த்திருந்த வாக்கியம் அது. அவள் இரண்டு கையையும் கூப்பி, "ரொம்ப நன்றி சார்" என்று சொல்லி ஓடிப்போய் ஏறிக்கொண்டாள். அவன் வாயைத் திறப்பதற்குள் பஸ் கிளம்பிவிட்டது.