சரியான நட்டு வரும்வரை

பிள்ளைகள் அவளை வேன் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வேன் அவளுடைய அண்ணனுடையது. ஓட்டுவது மட்டும் அவள். காலையில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளை ஏற்றிப் பள்ளிக்கூடத்தில் இறக்குவாள், மாலையில் திரும்பக் கொண்டுவந்து விடுவாள். கணவனைப் பிரிந்து வந்ததிலிருந்து அண்ணன் வீட்டுப் பின்னறையில் இருந்தாள். “தங்க இடம் குடுத்தேன், கையில வேலையும் குடுத்தேன்” என்று அண்ணன் சொல்லிக் காட்டாத நாள் குறைவு. அவள் அதை ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிடுவாள்.

அண்ணனுக்குப் பளபளப்பின் மேல் ஒரு மயக்கம் உண்டு. தெருவில் புதிதாக இன்னொரு வேன் ஓடத் தொடங்கியதும் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு நாள் வேனை எடுத்துக்கொண்டு போனவர், நான்கு பழைய சக்கரங்களையும் கடையில் கொடுத்துவிட்டு, வெள்ளியாய் மின்னும் அலாய் சக்கரங்களை மாட்டிக்கொண்டு வந்தார்.

“எப்படி இருக்கு?” என்றார்.

“கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருக்கு” என்றாள் அவள். உண்மையாகவே அழகாகத்தான் இருந்தது.

மறுநாள் பள்ளிக்கூடத்திலிருந்து வெறும் வேனோடு திரும்பும்போது ஸ்டியரிங் அவள் கையில் நடுங்கியது. ஓரமாக நிறுத்தி ஸ்பேனரைப் போட்டுப் பார்த்தாள். நட்டுகள் எல்லாம் இன்னும் கொஞ்சம் திரும்பின. இறுக்கிவிட்டு வந்தாள். அடுத்த நாளும் அதே நடுக்கம், அதே தளர்வு.

அப்போதுதான் ஒரு நட்டைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்தாள். புதுச் சக்கரத்தின் துளை வாய் புனல்போல உள்ளே சரிந்திருந்தது. நட்டோ பழையது, அடியில் தட்டையான வாஷர் வைத்தது. அது புனலுக்குள் இறங்காமல் விளிம்பில் மட்டும் குந்தியிருந்தது. விளிம்பில் பெயின்ட் போய்க் கீறல் விழுந்திருந்தது.

நட்டை எடுத்துக்கொண்டு உதிரிபாகக் கடைக்குப் போனாள். கடைக்காரர் பார்த்ததுமே உதட்டைப் பிதுக்கினார்.

“இந்த வீலுக்கு அடிப்பக்கம் கூம்பா இருக்கிற நட்டு வேணும்மா. திருகு மரை ஒண்ணுதான், அதனால ஏறும், இறுகவும் செய்யும். ஆனா உக்கார்ற இடம் வேற. எவ்வளவு முறுக்கினாலும் தளர்ந்துக்கிட்டேதான் இருக்கும்.”

“கூம்பு நட்டு குடுங்க.”

“உங்க மரை அளவுல இப்ப இல்ல. நாளை மறுநாள் வந்துடும்.”

மாலையில் பிள்ளைகளை ஏற்றுவதற்கு அவள் வேனை எடுக்கவில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டு, வந்து கூட்டிக்கொண்டு போகச் சொன்னாள். அண்ணன் தன் மளிகைக் கடையைப் பாதியில் விட்டுவிட்டு ஓடி வந்தார்.

“யாரைக் கேட்டு போன் பண்ணின?”

அவள் விஷயத்தைச் சொன்னாள். நட்டையும் காட்டினாள்.

“மரை ஒத்துப் போகுது, நல்லா இறுகுது, அப்புறம் என்ன? தினமும் காலையில ஒரு சுத்து இறுக்கிட்டு ஓட்டு. ரெண்டு நாள்ல என்ன ஆகிடும்?”

“என்ன ஆகும்னு பார்க்கிறதுக்கு நான் பிள்ளைங்கள ஏத்த மாட்டேன், அண்ணே.”

“அப்ப உனக்குக் காய்ச்சல்னு சொல்லு. நட்டு சரியில்லன்னு ஊர் பூரா தம்பட்டம் அடிச்சா, அத்தனை பேரும் அடுத்த வேனுக்குப் போயிடுவாங்க.”

“எனக்கு ஒண்ணும் இல்ல. வேனுக்குத்தான் சரியில்ல.”

அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது. “சாவிய வை. பால் வேன் ஓட்டுறவரைக் கூப்பிடுறேன். நாளைக்குக் காலையில அவர் ஓட்டுவார்.”

அவள் சாவியை மேசைமேல் வைத்தாள். “சாவி உங்களது, எடுத்துக்கோங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுப் பின்னறைக்குப் போனாள்.

விடிந்தும் விடியாமலும் எழுந்தாள். ஒரு சக்கரத்தை மட்டும் கழற்றினால் அண்ணன் ஸ்டெப்னியை மாட்டிவிடுவார் என்று அவளுக்குத் தெரியும். அதனால் ஜாக்கியைப் போட்டு, செங்கல் அண்டக் கொடுத்து, முன்சக்கரங்கள் இரண்டையுமே கழற்றினாள். ஒவ்வொன்றாக உருட்டிக்கொண்டு போய்த் தன் அறையில் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் நிறுத்திவைத்துப் பூட்டினாள். பிறகு கை கழுவி, தேநீர் போட்டுக் குடித்தாள்.

அண்ணன் பால் வேன்காரரோடு வந்தபோது, வேன் முட்டி போட்டதுபோல் நின்றிருந்தது.

“வீல் எங்க?”

“என் ரூம்ல.”

“உனக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கா? அது என் சொத்து.”

“உங்க சொத்துதான். நட்டு வந்ததும் நானே மாட்டித் தர்றேன். அதுவரைக்கும் குடுக்க மாட்டேன்.”

பால் வேன்காரர் குனிந்து பின்சக்கரத்தை ஒரு பார்வை பார்த்தார். பிறகு, “உங்க குடும்ப விவகாரம், நான் நடுவுல வரல” என்று சொல்லி நழுவிவிட்டார்.

“நான் போட்ட சோத்தைத் தின்னுட்டு எனக்கே குழி பறிக்கிறியா?” என்று அண்ணன் கத்தினார். பக்கத்து வீட்டு ஜன்னல்கள் திறந்தன.

 அவள் குரலை உயர்த்தவில்லை. “அந்த வேன்ல உங்க பொண்ணும்தான் போறா. அவளை ஏத்தி அனுப்புவீங்களா?”

“ஏத்துவேன்” என்றார் அண்ணன், வீம்புக்கு.

வாசலில் அண்ணி நின்றிருந்தாள்.  மகளின் பையை எடுத்துத் தன் தோளில் மாட்டிக்கொண்டு, செருப்பைப் போட்டு, மகள் கையைப் பிடித்துத் தெருவில் இறங்கி நடந்தாள். பள்ளிக்கூடம் கிட்டத்தில் இல்லை. இருவரும் தெருமுனை திரும்பும்வரை அண்ணன் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு கடைக்குப் போய்விட்டார்.

வேன் அக்கா மறுபடி எல்லா வீடுகளுக்கும் போன் செய்தாள். சக்கரத்துக்குச் சரியான நட்டு இல்லை, வந்ததும்தான் வேன் ஓடும் என்று உள்ளதை உள்ளபடி சொன்னாள். ஒரு தாய் நன்றி சொன்னாள். ஒரு தகப்பன் திட்டித் தீர்த்தார். இரண்டு வீட்டுக்காரர்கள் அன்றைக்கே அடுத்த வேனுக்கு மாறிவிட்டார்கள். அண்ணன் பயந்தது பொய்யில்லை.

கூம்பு நட்டுகள் வந்தன. முன்சக்கரத்தை மாட்டி, விரலாலேயே ஒன்றைத் திருகினாள். துளைக்குள் இறங்கிக் கச்சிதமாக உட்கார்ந்தது. எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்கினாள், பின்சக்கரங்களிலும் மாற்றினாள். மேசைமேல் கிடந்த சாவியை எடுத்து, ஆளில்லாத சாலையில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து மறுபடியும் ஸ்பேனர் வைத்துப் பார்த்தாள். எதுவும் அசையவில்லை. சாவியை அண்ணன் முன்னால் வைத்தாள்.

“இனிமே நீ ஓட்ட வேண்டாம். நானே ஓட்டிக்கிறேன்” என்றார் அவர்.

“சரி” என்றாள்.

வேலை போனதில் அவளுக்கு வருத்தம் இல்லாமல் இல்லை. ஆனால் செய்ததற்காக ஒரு நிமிடம்கூட வருந்தவில்லை. அந்த வாரம் தையல் வேலை ஏதாவது கிடைக்குமா என்று விசாரித்துக்கொண்டிருந்தாள்.

அண்ணன் பாடு திண்டாட்டமாகிவிட்டது. ஒரு பிள்ளையை வீடு மாற்றி இறக்கினார், இன்னொன்றை ஏற்றவே மறந்தார். கடையும் பாதி நேரம் பூட்டிக் கிடந்தது. கடைசியில் சாவியை அண்ணியிடம் கொடுத்தனுப்பினார்.

“அண்ணி, தப்பா நினைக்காதீங்க. குடுக்கிறதா இருந்தா அவரே வந்து குடுக்கட்டும்.”

“எனக்கும் அதுதான் சரின்னு படுது” என்று அண்ணி திரும்பிப் போனாள்.

சாப்பிடும் நேரத்தில் அண்ணன் பின்னறை வாசலில் வந்து நின்றார். சுவரைப் பார்த்துக்கொண்டு, “நாளைக்கு வண்டிய எடு” என்று சாவியை நீட்டினார்.

அவள் கை நீட்டவில்லை. “இனிமே வேனுக்கு எந்தச் சாமான் வாங்கினாலும் நான் பார்த்துச் சொன்னப்புறம்தான் மாட்டணும்.”

“நீ என்ன முதலாளியா?”

“இல்ல. ஓட்டுறவ.”

அவர் சரி என்று வாயால் சொல்லவில்லை. சாவியைக் கட்டில்மேல் போட்டுவிட்டுப் போனார்.

பிறகு ஒரு நாள் பிரேக் கட்டை மாற்ற வேண்டி வந்தபோது, அண்ணன் உதிரிபாகக் கடையிலிருந்து போன் செய்தார். “இதையாவது நான் பார்த்து வாங்கலாமா, இல்ல இதுக்கும் நீ வந்துதான் தொலையணுமா?”

“அங்கேயே இருங்க, வர்றேன்” என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடினாள்.