கடைசி வரியில் வைத்த பெயர்

இதழியல் முதலாண்டு மாணவி, தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு எழுதிய கட்டுரையில் தன் பெயரைக் கடைசி வரியில் வைத்தாள். கதாநாயகனின் முகத்தை எடுத்த எடுப்பில் காட்டிவிடுவார்களா என்ன? முதலில் செருப்பு, அப்புறம் புழுதி, அதற்கும் அப்புறம்தானே முகம். அந்தக் கணக்கில் ஆறு பத்திகளுக்குப் புழுதி கிளப்பிவிட்டுப் பெயரை இறக்கினாள்.

கல்லூரி மாத இதழுக்கு ஒரே ஒரு நிருபர் தேவைப்பட்டார். "நான் யார்? என் லட்சியம் என்ன?" என்று எழுதிப் பெட்டியில் போடவேண்டும். சிறந்தது அச்சாகும், எழுதியவருக்கே அந்த இடம். அவளுக்கு அது கிடைத்தே ஆகவேண்டும். நிருபர் அடையாள அட்டைப் படத்துக்கு எந்தப் பக்கமாகத் திரும்பி நிற்பது என்பதைக்கூட முடிவு செய்துவிட்டாள்.

இதழின் ஆசிரியரான இறுதியாண்டு அக்கா, எதையும் முதல் பத்திக்கு மேல் படிக்கமாட்டாள். அதற்கு அனுபவம் என்று பெயர் வைத்திருந்தாள். இந்த முதல் பத்தி அவளுக்குப் பிடித்துப்போயிற்று. பக்கம் வடிவமைப்பவருக்கோ கடைசி நேரத்தில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை விளம்பரம் வந்து சேர்ந்தது. இரண்டு பத்திகளோடு கட்டுரையை நறுக்கிவிட்டு, மூலத்தாளால் மேசையில் கொட்டிய டீயைத் துடைத்து எறிந்தார். இதழ் வந்தது. இடப்பக்கம் மூக்குக்கண்ணாடி, வலப்பக்கம் லட்சியம். பெயர் மட்டும் எங்கும் இல்லை.

'இதை எழுதியவர் உடனே வரவும்' என்று அறிவிப்புப் பலகையில் பார்த்ததும் மூச்சிரைக்க ஓடினாள். இதழ் அறையில் அவளுக்கு முன்பே, வகுப்பில் 'மைக்கு' என்று எல்லோரும் கூப்பிடும் பையன் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். மணி கேட்டால்கூடச் செய்தி வாசிக்கும் ரகம்.

"அக்கா, அது என்னோடது!"

"இவனும் அதையேதான் சொல்றான்" என்றாள் அக்கா.

"நெஞ்சிலிருந்து வந்த எழுத்துக்கா" என்றான் மைக்கு, கனத்த குரலில்.

"புளுகாதடா! உன் நெஞ்சுலேருந்து இருமல்கூட ஒழுங்கா வராது."

"சண்டை வேணாம். நீ எழுதுனதுக்குச் சாட்சி இருக்கா?" என்று அக்கா அவளைக் கேட்டாள்.

இருந்தது. அம்மா, மருத்துவமனையில் வெளிநோயாளிகளுக்குச் சீட்டுப் போடுகிறவள். அவளை அழைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி போனை மேசையில் வைத்தாள்.

"ஆன்ட்டி, உங்க பொண்ணு எழுதுன கட்டுரை ஞாபகம் இருக்கா?" என்றாள் அக்கா.

"மறக்க விட்டாளா பாவி! பல் தேய்க்கும்போது முதல் பத்தி, தலை சீவும்போது ரெண்டாவது. நாலு நாளா வீட்ல வேற பேச்சே இல்ல. ஐயா, சீட்டை மடிக்காதீங்க. நாப்பத்திரெண்டு, உள்ள போங்க!"

"அச்சுல வராத மூணாவது பத்தி எப்படி வரும்?"

"'என் பேனா கண்விழித்தால் அரியணைகள் உறங்காது.' நாப்பத்திமூணு! காய்ச்சல் எத்தனை நாளா? அதுக்கப்புறம், 'நான் எரிமலையின் மூத்த மகள்.' அப்ப நான் யாருடின்னு கேட்டேன். அஞ்சாவதுல, 'பூமியே, மூன்றாண்டு பொறுத்திரு, பட்டம் வாங்கிக்கொண்டு வருகிறேன்'."

மூலையில் வடிவமைப்பவர் விசைப்பலகைமேல் கவிழ்ந்து குலுங்கினார். கண்ணாடி முன்னால் நின்று சொன்னபோது இடிமாதிரி முழங்கிய வரிகள், அம்மாவின் சீட்டுக் குரலில் மாத்திரைப் பட்டியல்போல வந்து விழுந்தன. அவளுக்குக் காது மடல் சுட்டது.

மைக்கு மெல்லக் காலை இறக்கினான்.

"அக்கா, நான் எழுதுனதுல எரிமலையெல்லாம் கிடையாது. இது வேற போலிருக்கு."

"இப்பதானேடா நெஞ்சுன்னு சொன்னே?"

"சத்தியமா இவளோடதுதான்க்கா!" என்று பையைத் தூக்கிக்கொண்டு மறைந்தான்.

அவன் பின்னாலேயே ஓடிவிடலாமா என்று அவளுக்கும் ஒரு கணம் தோன்றியது. ஆனால் வேலை வேண்டுமே.

"என்னோடதுதான்க்கா."

"மொத்தமுமா?"

"எரிமலையையும் சேர்த்துத்தான்."

அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு நிருபர் பதிவேட்டைத் திறந்தாள். "சரி, இடம் உனக்குத்தான். பேரைச் சொல்லு."

அவள் முதுகை நிமிர்த்தி, முகவாயை உயர்த்தி, தொண்டையைச் செருமினாள். "இருளின் கருவறையில்..."

"பேரை மொதல்ல சொல்லித் தொலைடி!" என்று மேசையிலிருந்து போன் அலறியது. "இங்க எனக்கு அறுபது பேரு நிக்கிறாங்க!"

சொன்னாள்.