சன்னலுக்குக் கீழே முளைத்தவை

நல்லம்மாள் கத்தரி விதை போட்டுப் பதினேழு நாள் ஆகியிருந்தது. தாது வருஷத்தில், கல்யாணமான கையோடு ஆடிக்குப் பிறந்த வீடு போனவள், ஆவணி பிறந்து ஆட்டையாம்பட்டிக்குத் திரும்பிய மறுநாளே போட்டது. நான்கு வரிசை. தன் கையால் போட்டதால் எது எங்கே முளைக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

ஆனால் போடாததும் முளைத்திருந்தது. பாத்திக்கு இரண்டு முழம் தள்ளி, தறிவீட்டுச் சன்னலுக்கு நேர் கீழே, அள்ளி எறிந்த மாதிரி இருபது முப்பது நாற்று. தண்டு கத்தரியைப் போலவே ஊதா. கத்தரி இலையைத் தடவினால் விரலில் சொரசொரக்கும், இது வழுக்கியது. ஒன்றைக் கிள்ளிக் கசக்கி முகர்ந்தாள். குமட்டிக்கொண்டு வந்தது.

ஊமத்தை.

மாமியார் குஞ்சம்மாள் தாழ்வாரத்தில் ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"அத்தை, இங்க என்னமோ தானா மொளச்சிருக்குதுங்க. புடுங்கிப் போடட்டுங்களா?"

"கத்தரிதான் சாமி. போன வருஷத்துப் பழம் உழுந்து மொளச்சிருக்கும். தொடாத, உட்டுரு."

"நாத்தமடிக்குதுங்களே."

"ஆமா, உன்ற ஊர்க் கத்தரி மல்லியப்பூவாட்டம் மணக்குமாக்கும்!"

குஞ்சம்மாள் எழுந்து வந்துகூடப் பார்க்கவில்லை. முப்பது வருஷமாய் இந்தக் கொல்லையில் காய் பறித்தவள். அவளுக்கா கத்தரிக்கும் ஊமத்தைக்கும் வித்தியாசம் தெரியாது?

பிறந்த ஊரான நாமகிரிப்பேட்டையில் நல்லம்மாளுக்கு ஒன்பது வயசாக இருந்தபோது, பக்கத்துத் தெருக்காரருக்குப் பங்காளி ஒருவன் குழம்பில் ஊமத்தை விதையை அரைத்துக் கலந்துவிட்டான். மனிதர் மூன்று நாள் வேட்டியைக் கிழித்துக்கொண்டு ஓடினார். அப்புறம் சாகும்வரை பெண்டாட்டியையே யாரென்று கேட்டார்.

நாற்றை முகர்ந்த அன்று முதல் நல்லம்மாள் குழம்பைத் தொடவில்லை. தானே வடித்த சோறு, தானே கடைந்த மோர், தானே போட்ட உப்பு. கேட்டால் வயிறு சரியில்லை என்றாள். நாற்றுகளுக்கு மூன்றாம் இலை விட்டது, நான்காம் இலை விட்டது. தினமும் போய்ப் பார்த்தாள்.

பார்க்கப் பார்க்க ஒன்று உறைத்தது. காற்று கொண்டுவந்த விதை என்றால் வேலியோரமும் முளைத்திருக்கும். இவை சன்னலுக்குக் கீழே மட்டும். தறிவீட்டுக்குள் குஞ்சம்மாள் போவதே இல்லை. உள்ளே இருப்பவன் ஒருவன்தான்: நல்லம்மாளின் புருஷன் அருணகிரி. தீபாவளிச் சேலை முடிக்க வேண்டும் என்று, அவள் வந்த நாளிலிருந்து அங்கேயே படுக்கிறான். பகலிலும் கதவைச் சாத்திக்கொள்கிறான். கேட்டால் காற்றில் நூல் அறுகிறதாம். ஆனால் சன்னலைத் திறந்தே வைத்திருக்கிறான்.

அவளுடைய அண்ணன் வெள்ளிக்கிழமை பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பியிருந்தான். அவனோடு போய்விடலாம். போனால் வாழாவெட்டி என்பார்கள். இருந்தால்?

வெள்ளிக்கிழமை காலை மூட்டையைக் கட்டி வைத்துவிட்டு, ஒரு நாற்றை வேரோடு பிடுங்கினாள். தறிவீட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு போய், நெய்துகொண்டிருந்த சேலையின் சிவப்புக் கரைமேல் வைத்தாள்.

"இது என்ன செடிங்க?"

அருணகிரி செடியைப் பார்த்தான். அவளைப் பார்க்கவில்லை.

"கத்தரி."

"அத்தை சொன்னதையே சொல்றீங்க. ரெண்டு பேரும் பேசி வெச்சுட்டீங்களா?"

சத்தம் கேட்டுக் குஞ்சம்மாள் வாசற்படிக்கு வந்துவிட்டாள். "ஏம்புள்ள, சேலை மேல மண்ணைப் போடற!"

"மண்ணுதானுங்க அத்தை. சோத்துல ஒண்ணும் போடலையே."

"என்ன பேச்சு இது?"

"இது ஊமத்தை. எனக்குத் தெரியுமுங்க. யாருக்குன்னுதான் தெரியல. அண்ணன் வந்ததும் நான் போறனுங்க."

குஞ்சம்மாள் அப்படியே படியில் உட்கார்ந்தாள். பிறகு மகனைப் பார்த்துச் சொன்னாள்: "சொல்லிப்போடு சாமி. நாந்தான் வேண்டாம்னேன். தெரிஞ்சா பொண்ணு குடுக்க மாட்டாங்கன்னு பயந்தேன்."

அருணகிரி தறிக்குழியிலிருந்து ஏறினான். மூலையில் கிடந்த சாக்கை இழுத்துப் பிரித்தான். உள்ளே காய்ந்த இலைகள். நடுவே முள் முள்ளாய் வெடித்த காய்கள்.

"எலைதான் வேணும். செடியோட காயவெச்சா காயும் கூட வந்துருது. வெதை கொட்டுனா கூட்டிச் சன்னல் வழியாத் தள்ளிப்போடுவேன்."

"எலை எதுக்குங்க?"

"சுருட்டிப் பொகை இழுக்க."

"பொகை எதுக்குங்க?"

அவன் மூச்சை இழுத்தான். நெஞ்சுக்குள் சீழ்க்கை அடித்த மாதிரி ஒரு சத்தம் வந்தது.

"பொகை உள்ள போனாத்தான் மூச்சு உட முடியுது. எனக்கு இளைப்பு நோவு, நல்லம்மா. பத்து வயசுல இருந்து."