மேஸ்திரி மோந்து பார்த்த வண்டி

ஆறு வருஷமாக உசாமா ஒரே ஒரு ஆளுக்காகக் காத்திருந்தான். அந்த ஆள் ஆனி மாதச் சாரலில், திக்கித் திக்கி ஓடும் ஒரு வெள்ளைக் காரில், இலஞ்சி விலக்கில் இருக்கும் அவனுடைய மெக்கானிக் ஷெட்டுக்குத் தானாகவே வந்து சேர்ந்தார்.

இசக்கிதுரையைத் தெரியாத டிரைவர் தென்காசியில் கிடையாது. முப்பது வருஷமாகக் கார் ரிப்பேர் மேஸ்திரி. கார்புரேட்டர் காலத்தில் அவர் கழற்றாத வண்டியில்லை. அவருடைய ஒர்க்‌ஷாப்பில் ஒரு சட்டம் உண்டு. யார் வேலை பார்த்த வண்டியானாலும் கடைசியில் மேஸ்திரிதான் எஞ்சின்மேல் குனிந்து மோந்து பார்ப்பார். "சுத்தம்லே, மூடு" என்று அவர் வாயால் சொன்ன பிறகுதான் பானெட்டை மூடலாம். டிரைவர்கள் அந்த மூக்குக்குச் சூடம் காட்டாததுதான் பாக்கி.

ஷார்ஜாவில் ஏழு வருஷம் இன்ஜெக்‌ஷன் வண்டிகளைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பிய உசாமா அவரிடம்தான் வேலைக்குச் சேர்ந்தான். ஒருநாள் முகம்மது மீரானின் டாக்ஸியில் இன்ஜெக்டர்களைக் கழற்றினான். அவற்றின் ரப்பர் ரிங்குகள் சூட்டில் வெந்து விறைத்திருந்தன.

"புது ரிங் போடணும் அண்ணாச்சி."

"ரப்பர் நல்லாத்தானலே இருக்கு. பழசையே போடு. நான் மோந்து பாத்துக்கிடுதேன்."

போட்டான். போட்டது அவன் தப்புதான். அந்த மூக்கை அவனும் நம்பியிருந்தான். மாட்டி முடித்த கையோடு, குற்றாலத்தில் நின்றுபோன வேறொரு வண்டியைப் பார்க்க அவனை அனுப்பிவிட்டார் மேஸ்திரி.

கார்புரேட்டர் வண்டியில் எஞ்சின் உறிஞ்சினால்தான் பெட்ரோல் வரும். ஒழுகினாலும் சொட்டுத்தான். இன்ஜெக்‌ஷன் வண்டியின் கதையே வேறு. டேங்குக்குள் இருக்கும் பம்பு பெட்ரோலை அழுத்தித் தள்ளும். அந்த அழுத்தத்தோடு அது எஞ்சின்மேல் ஒரு குழாயில் வந்து காத்து நிற்கும். எஞ்சின் எவ்வளவு காற்றை இழுக்கிறது, எவ்வளவு சூடாயிருக்கிறது என்று பார்த்து, ஒரு சின்னக் கம்ப்யூட்டர் இன்ஜெக்டரைக் கண் சிமிட்டுவதற்குள் திறந்து மூடும். பெட்ரோல் பொடித்தூறலாக உள்ளே போய்க் காற்றோடு கலக்கும், பிளக் பொறி வைக்கும், பிஸ்டன் இறங்கும். குழாயும் இன்ஜெக்டரும் சேருமிடத்தில் அந்த அழுத்தத்தையெல்லாம் பிடித்து நிறுத்துவது சுண்டுவிரல் நகமளவு ரப்பர் ரிங். அது விறைத்துவிட்டால் பெட்ரோல் நேராகச் சூட்டின்மேல் பீய்ச்சும். இதையெல்லாம் உசாமா அவருக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறான். காது கொடுத்தால்தானே.

மேஸ்திரி மோந்து பார்த்து மூடிய டாக்ஸி ஐந்தருவி ரோட்டில் பற்றி எரிந்தது. வாடை வருகிறது என்று மீரான் வழியிலேயே மேஸ்திரிக்குப் போன் போட்டுச் சொல்லியிருக்கிறார். "வேலை பாத்த வண்டி, கொஞ்சம் வாடை வரத்தான் செய்யும்" என்று பதில் வந்திருக்கிறது. மீரான் குதித்துத் தப்பினார். வலது கை மட்டும் வெந்துபோனது. மறுநாள் டாக்ஸி ஸ்டாண்டில் எல்லார் முன்னாலும் இசக்கிதுரை சொன்னார்: "நான் மோந்து பாக்கும்போது சுத்தமா இருந்துது. அந்தப் பய நெனப்பெல்லாம் ஷார்ஜாவுல. ரிங்கக் கோணலா மாட்டிருக்கான், ஓட ஓட நழுவிருக்கு."

அன்றைக்கு ஒட்டிய பெயர் தீவச்சான். பள்ளிக்கூடத்தில் அவன் மகள் சஃப்ரினைக்கூட தீவச்சான் மவ என்றார்கள். அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. தனியாக ஷெட் போட்டு, இன்ஜெக்டர் சோதிக்கும் மெஷினும் வைத்த பிறகும் குற்றாலச் சீசனுக்கு வரும் கேரள வண்டிகள்தான் அவனிடம் வந்தன. உள்ளூர்க்காரன் ஒருத்தன் எட்டிப் பார்க்கவில்லை.

"ஏத்தத்துல திக்குதுலே. நாலு எடத்துல காட்டியாச்சு, ஒருத்தனுக்கும் பிடிபடல" என்றார் அன்றைக்குச் சாரலில் வந்து இறங்கிய இசக்கிதுரை, கறுப்புக் கண்ணாடியைக்கூடக் கழற்றாமல். "பழசையெல்லாம் மனசுல வச்சிக்கிடாத."

"நாளைக்குப் பத்து மணிக்கு வாங்க அண்ணாச்சி" என்றான் உசாமா. மனசு குதியாட்டம் போட்டது.

மூன்றாவது இன்ஜெக்டர் அடைத்திருந்தது. அரைமணி நேர வேலை. சுத்தம் செய்து மாட்டும்போது புது ரிங்குகளை மேசைமேல் வைத்துவிட்டு, குப்பை டப்பாவிலிருந்து விறைத்துப்போன நான்கைப் பொறுக்கிப் போட்டான். அவன் போட்ட திட்டம் இதுதான். மேஸ்திரி குனிந்து மோப்பார். மோந்ததும் பதறுவார். "இன்னைக்கு வாடை தெரியுதே, அன்னைக்கு ஏன் தெரியல? தெரிஞ்சேதான மூடினீங்க?" என்று மீரானை வைத்துக்கொண்டே கேட்க வேண்டும். அதற்காகவே மீரானுக்குப் போன் போட்டான். மேஸ்திரி வண்டி தீவச்சான் ஷெட்டில் நிற்கிறது என்றதும், அந்த அதிசயத்தைப் பார்க்க அவர் இரண்டு டிரைவர்களையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

மறுநாள் பத்து மணிக்கு மேஸ்திரி வந்தபோது எஞ்சின் சில்லென்று ஆறியிருந்தது. ஷெட்டின் கரண்ட் மெயின் சுவிட்சை அணைத்து, மணல் வாளியைக் காலடியில் இழுத்து வைத்துக்கொண்டான் உசாமா. பழிவாங்கும்போதும் அவன் மெக்கானிக்தான்.

"ஸ்டார்ட் பண்ணல அண்ணாச்சி. சாவியத் திருப்பினா பம்பு ரெண்டு செகண்டு ஓடும். நீங்களே மோந்து பாருங்க. உங்க மூக்குக்கு மேல ஒண்ணு உண்டா?"

சாவியைத் திருப்பினான். பின்னாலிருந்து பம்பு முனகியது. நான்கு ரிங்கின் ஓரத்திலும் பெட்ரோல் பூத்து, வழிந்து, சொட்டியது. வாடை ஷெட்டை நிறைத்தது. மீரான் வெந்த கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு இரண்டடி பின்வாங்கினார்.

இசக்கிதுரை கறுப்புக் கண்ணாடியோடு எஞ்சின்மேல் குனிந்தார். ஒரு தடவை இழுத்தார். தலையைச் சாய்த்து இன்னொரு தடவை இழுத்தார். பிறகு நிமிர்ந்து கையைத் தட்டிக்கொண்டார்.

"சுத்தம்லே, மூடு."

  இப்படி ஒன்றை உசாமா நினைத்தே பார்க்கவில்லை. இந்த மனுஷன் அன்றைக்கு வாடையை மறைக்கவில்லை; அவருக்கு வாடையே தெரியாது. தெரியாத மூக்கை வைத்துக்கொண்டு ஊர் வண்டியெல்லாம் மோந்து பார்த்திருக்கிறார். இரக்கம் வரும் என்று பார்த்தான், வரவில்லை. ஆறு வருஷக் கோபம் இப்போதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தது.

"கண்ணாடியக் கழத்திட்டுப் பாருங்க அண்ணாச்சி."

கழற்றினார். சொட்டுவதைப் பார்த்தார். பொத்திய மூக்குகளைப் பார்த்தார். 

"எத்தன வருஷமா?" என்று கேட்டது மீரான்.

இசக்கிதுரை தரையைப் பார்த்துச் சொன்னார். "ஒரு காச்சல் வந்துது. எட்டு வருஷம் இருக்கும். வெளிய தெரிஞ்சா எவன் என்கிட்ட வண்டி விடுவான்?"

"என் வண்டி எரிஞ்சு ஆறு வருஷந்தான ஆச்சு" என்றார் மீரான்.  உசாமாவைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் தீவச்சான் இல்லை.

உசாமா பாட்டரி ஒயரைக் கழற்றினான். சொட்டியதைத் துடைத்து, ஷெட்டின் வாடை போகும்வரை காத்திருந்தான். பழைய ரிங்குகளை எடுத்துவிட்டுப் புதியவை நான்கையும் எண்ணெய் தடவிப் போட்டான். பாட்டரி ஒயரைத் திரும்ப மாட்டி, அழுத்தம் ஏற்றி, விரலால் தடவிப் பார்த்து, தானே மூன்று தடவை மோந்தான். ஒரு துளி இல்லை. பானெட்டை மூடிச் சாவியை நீட்டினான்.

இசக்கிதுரை வண்டியில் ஏறி உட்கார்ந்தார். சாவியைப் போட்டார். திருப்பவில்லை. சற்று முன்னால் "சுத்தம்" என்று சொன்ன அதே வண்டி. ஜன்னல் கண்ணாடியை இறக்கிக் கேட்டார்.

"ஏலே உசாமா, வாடை வருதா?"

உசாமா கைத்துணியில் விரல் விரலாகத் துடைத்துக்கொண்டிருந்தான். மீரானும் மற்ற இருவரும் அவன் வாயையே பார்த்தார்கள். அவன் வாயைத் திறக்கவில்லை.

"சொல்லுலே. மூடினது நீதான."

அவன் துணியை உதறிக் கொடியில் போட்டான். உள்ளுக்குள் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

 இசக்கிதுரை சாவியை அப்படியே விட்டுவிட்டு, கதவைத் திறந்து இறங்கினார். குடைகூட இல்லாமல் சாரலில் நனைந்தபடி தென்காசி ரோட்டில் நடக்கத் தொடங்கினார். ஒரு குறையுமில்லாத வண்டி, சாவியோடு ஷெட்டிலேயே நின்றது.