பேய்கள் முடித்து வைத்த சம்பந்தம்

பரிஸ் நகரத்துப் பேய்கள் அத்தனையும் ஒருநாள் பின்னேரம் என் வீட்டுப் படிக்கட்டில் வரிசையில் நின்று, ஆளுக்கு இரண்டு உழுந்து வடை வாங்கித் தின்று, என் மகளின் சம்பந்தத்தையும் முடித்து வைத்துவிட்டுப் போயின.

பரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் நாங்கள் தேத்தண்ணி குடிக்கும் கடையில் இதை எடுத்துவிட்டால் எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். செபஸ்தியாம்பிள்ளை மட்டும் சிரிக்க மாட்டான். "பச்சைப் பொய்" என்றுவிட்டு வாழைப்பழ வாய்ப்பனைக் கடிப்பான். இத்தனைக்கும் அன்றைக்கு என்னோடு நின்றவன் அவன்தான்!

2010ஆம் ஆண்டு, ஒக்டோபர் முப்பத்தொன்று, ஞாயிற்றுக்கிழமை. என் ஒரே மகள் ரஜனி தன்னோடு வேலை செய்யும் மத்தியூ என்ற பிரெஞ்சுப் பெடியனை விரும்பியிருந்தாள். அவனுடைய தாய் மதாம் ஒடீல் முதல்முறையாக எங்கள் வீட்டுக்கு வருகிறா. அந்த வசந்தத்தில்தான் புருஷனைப் பறிகொடுத்தவ. அதற்குப் பிறகு ஒரு வீட்டுக்கும் போனதில்லையாம்.

"அப்பா, தாய்க்குப் பிடிக்காட்டி மத்தியூ அந்த மனுசியைத் தனிய விட்டிட்டு வரமாட்டான். தயவுசெய்து மிதமிஞ்சி ஒண்டும் செய்யாதேங்கோ" என்றாள் ரஜனி.

என்னிடம் போய்ச் சொல்கிறாள்!

அந்தக் கிழமை பார்த்து, பரிஸின் பூக்கடை வாசலெல்லாம் செவ்வந்திச் சட்டிகள். மஞ்சள், ஊதா, வெள்ளை. இருபத்தைந்து வருஷம் உணவகக் குசினிக்குள் நின்றுவிட்டு ஓய்வு பெற்றவனுக்கு, நகரமே தன் மகளுக்காகப் பூத்ததுபோல் இருந்தது. ஒரு கடையையே காலி செய்தேன். பூக்காரி என் கையைப் பிடித்து, "தைரியமாக இருங்கள் ஐயா" என்றாள். பெண்ணைக் கட்டிக்கொடுக்கிற தகப்பனின் மனசு இவளுக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மார்க்ஸ் டோர்மோயில் எங்கள் வீடு நாலாம் மாடி, லிப்ட் கிடையாது. கீழ் வாசலிலிருந்து மேல் வரைக்கும் படிக்குப் படி செவ்வந்தி. இடையிடையே மெழுகுதிரி. சுவர்க்கத்துக்குப் போகிற பாதை தோற்றுவிடும்.

ரஜனி போய்த் தாயையும் மகனையும் ஐந்து மணிக்குக் கூட்டி வருவதாகப் பேச்சு. ஐந்தும் ஆனது, ஐந்தரையும் ஆனது. ஆளில்லை. யன்னலுக்குப் போனேன், கதவுக்கு வந்தேன். உட்கார்ந்தேன், எழும்பினேன். நாலு மாடியும் நூறு தரம் இறங்கி ஏறினேன்.

"காலில சுடுதண்ணி ஊத்தின மாதிரி ஏன் துள்ளுறியள்? ஒரு இடத்தில இருங்கோவன்" என்றாள், வடை சுட்டுக்கொண்டிருந்த மனைவி சுகிர்தம்.

"சம்பந்தம் போச்சுது, நீ வடை சுடு!"

மறுபடி கீழே ஓடினால், செபஸ்தியாம்பிள்ளை மூச்சு வாங்க ஏறி வருகிறான். நல்ல பிரெஞ்சு பேசுவான் என்று நான்தான் கூப்பிட்டிருந்தேன்.

"அடேய், இப்ப நாலரைதான். குளிர்காலத்துக்கெண்டு இண்டைக்கு ஊர் முழுக்க மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் திருப்பினது தெரியாதே?"

எனக்கு உயிர் திரும்பி வந்தது. அது அரை நிமிஷம்தான் நின்றது.

"உதென்ன ஞானம்? ஆர் செத்தது?"

"ஏன்ராப்பா?"

"விசரா! நாளைக்குச் சகல புனிதர் திருநாள். உந்தப் பூவை இஞ்சை சனம் சவக்காலைக்குத்தான் கொண்டுபோறது. அந்த மனுசி இப்ப புருஷன்ர கல்லறைக்கு உதே பூவை வைச்சிட்டுத்தான் வரும்!"

இருவரும் சட்டிகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மேலே ஓடத் தொடங்கினோம். வைத்துவிட்டு வந்து, மறுபடி தூக்கி, மறுபடி ஓடி. இரண்டாம் மாடியில் நிற்கும்போது படிக்கட்டு விளக்கு தானாக அணைந்தது. கீழே தெருக்கதவு திறந்தது. மெழுகுதிரி வெளிச்சத்தில் ஒரு எலும்புக்கூடு ஏறி வந்தது. பின்னால் ஒரு சூனியக்காரி, வாயில் இரத்தம் வழிய இன்னொன்று.

"யேசுவே! என்னை விடு!" என்று குழறி, செபஸ்தியாம்பிள்ளை சட்டியோடு என் கழுத்தில் தொங்கினான்.

அன்றைக்கு ஹாலோவீன், பிள்ளைகள் பேய் வேஷம் போட்டு வீடுவீடாக மிட்டாய் கேட்கிற நாள். பரிஸில் பெரியவர்கள் இதை அமெரிக்கக் கூத்து என்று முகம் சுழிப்பார்கள், முக்கால்வாசிப் பேர் கதவே திறப்பதில்லை. பிள்ளைகள் விடுவார்களா? எங்கள் வாசலின் மெழுகுதிரியைப் பார்த்து, அந்தத் தெருவுக்கே நாங்கள்தான் பேய்வீடு என்று முடிவு கட்டி வந்திருந்தார்கள்.

பேய்களுக்குப் பின்னால் மதாம் ஒடீல். அவவின் இரு பக்கமும் மத்தியூவும் ரஜனியும்.

பூக்களைப் பார்த்ததும் மதாமின் முகத்தில் இரத்தமே இல்லை. "யார் இறந்துபோனது?" என்று மெல்லக் கேட்டா. மொழிபெயர்க்க வந்தவனோ என் கழுத்தில் தொங்குகிறான். எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் நானே சொன்னேன்: "ஒருவரும் இல்லை, மதாம். இன்னும் இல்லை."

ரஜனி கண்ணை மூடிக்கொண்டாள்.

அப்போது எலும்புக்கூடு மதாமின் கோட்டைப் பிடித்து இழுத்து மிட்டாய் கேட்டது. அவ பதறிப்போய்க் கைப்பையைத் துழாவினா. ஒன்றுமில்லை. சத்தம் கேட்டு வடைத்தட்டோடு இறங்கி வந்த சுகிர்தம், எலும்புக்கூட்டின் கையில் ஒரு வடையை வைத்தாள். அது கடித்தது. செத்தல் மிளகாய்! எலும்புக்குக் கண்ணீர் வழிந்து பூச்சுக் கரைந்தது. நாக்கை வெளியே விட்டு விசிறிக்கொண்டே, "இன்னொன்று" என்று கை நீட்டியது.

மதாம் சிரித்தா. முதலில் மூக்கால், பிறகு வாயால், பிறகு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உடம்பெல்லாம் குலுங்க. ஈபிள் கோபுரம் ஒரு அங்குலம் சாய்ந்ததை நான் உணர்ந்தேன். பிறகு சுகிர்தத்திடமிருந்து தட்டை வாங்கி, செவ்வந்திகளுக்கு நடுவே படியில் உட்கார்ந்து, வந்த பேய்க்கெல்லாம் தானே வடை கொடுத்தா. ஐந்நூறு பேய்!

வீட்டுக்குள் தேத்தண்ணி குடிக்கும்போது சொன்னா: "அவர் போனதிலிருந்து இந்தப் பூவோடு வருகிறவர்கள் எல்லாம் மெதுவாகப் பேசிவிட்டு மெதுவாகப் போய்விடுகிறார்கள். என் முன்னால் ஒருவர்கூடச் சத்தம் போடவில்லை." ரஜனியின் பக்கம் திரும்பி, "உன் அப்பா ஒரு பைத்தியம்" என்றா. நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். "இந்த வீட்டுக்கு நான் அடிக்கடி வருவேன்."

மறுநாள் எல்லாச் சட்டிகளும் அவவின் புருஷனின் கல்லறைக்குப் போயின. தூக்கியவன் செபஸ்தியாம்பிள்ளை.

போன கிழமை மதாம் ஒடீல் அந்தக் கடைக்கே தேத்தண்ணி குடிக்க வந்தா. நான் கதையை எடுத்தேன். "பச்சைப் பொய்" என்றான் அவன். மதாம் கோப்பையை வைத்துவிட்டு, இரண்டு கையையும் என் கழுத்தில் போட்டு, சுத்தத் தமிழில் குழறினா: "யேசுவே! என்னை விடு!"

கடையே அதிர்ந்தது. செபஸ்தியாம்பிள்ளை வாய்ப்பனைக் கீழே வைத்தான்.

"ஓம், நடந்ததுதான். பேய் வந்தது, வடை திண்டது, சம்பந்தம் முடிஞ்சது. ஆனா ஐந்நூறு இல்லை. பதினொண்டு."